வடிகாலையும் பட்டியலில் சேருங்கள்: கடைமடையிலிருந்து ஒரு திறந்த மடல்

பாசனத்துக்கும் வடிகாலுக்கும் பொறுப்பான பொறியாளர்களுக்கும், அந்தப் பணிகளுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகளுக்கும்,

இந்தக் கோடையில் எங்கள் பகுதியில் தூர்வாரப் போகிற இடங்களின் பட்டியலைப் பார்த்தோம். ஆறு இருக்கிறது. ஆற்றிலிருந்து பிரியும் ஏ வாய்க்கால், அதிலிருந்து பிரியும் பி வாய்க்கால் இருக்கிறது. வடிகால் ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. போன ஆண்டும் இதே பதில்தான். அந்த அடுத்த கட்டம் எந்த ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் வந்ததில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறோம்.

நாங்கள் தலைஞாயிறு, கீழையூர், கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை உழவர்கள்; காவிரிப் பாசனம் கடைசியாக வந்து சேரும் இடம் எங்களுடையது. "கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது" என்ற செய்தி ஆண்டுதோறும் படத்தோடு வருகிறது. சேர்ந்த தண்ணீர் எப்போது வெளியே போனது என்று இதுவரை ஒரு செய்தியும் வந்ததில்லை.

டெல்டாவின் வரலாற்றை யார் சொன்னாலும் வருகிற தண்ணீரை வைத்தே சொல்கிறார்கள். கரிகாலன் கல்லணை, 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணை, 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் அதோடு வந்த கல்லணைக் கால்வாயும், பிறகு காவிரி நடுவர் மன்றம், 2018இல் தமிழ்நாட்டுக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). இவற்றில் எதையும் குறைத்துப் பேச எங்களுக்கு உரிமையில்லை. அந்தத் தண்ணீரில்தான் பிழைக்கிறோம். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பக்கம் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. ஜூன் 12 அன்று மேட்டூரில் திறக்கும் தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வருகிறது. அங்கே வெண்ணாற்றில் பிரிந்து, தென்பெரம்பூரில் வெட்டாறும் வடவாறும் பிரிய, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிய, கிளையும் கிளையின் கிளையுமாகப் பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்று இறங்கி எங்களிடம் வந்து சேர வாரங்கள் ஆகும். அது வந்து சேருவதற்கு இருக்கிற அக்கறையில் பாதியாவது, கார்த்திகையில் மழைத் தண்ணீர் இங்கிருந்து வெளியேறுவதற்கும் வேண்டும் என்கிறோம்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம், ஏனென்றால் கூட்டங்களில் இது அடிக்கடி குழம்புகிறது. எங்கள் பயிரை மூழ்கடிப்பது காவிரி வெள்ளம் இல்லை. ஆற்றில் உபரி வந்தால் முக்கொம்பிலும் கல்லணையிலும் அதைக் கொள்ளிடத்தில் தள்ளிவிட முடியும். டெல்டாவில் மழை என்றால் கல்லணையில் வெண்ணாற்றை மூடவும் முடியும். மூடினாலும் நாங்கள் மூழ்குகிறோம். காரணம், எங்கள் வயலிலேயே பெய்கிற மழையும், மேலே மன்னார்குடி, நீடாமங்கலம் வரை உள்ள வயல்கள் கழித்துவிடுகிற மழையும். வெண்ணாற்றுப் பகுதியில் பல ஆறுகள் பாசனத்துக்கும் வடிகாலுக்கும் ஒன்றேதான். மேலே இருப்பவருக்கு வடிகால், கீழே இருப்பவருக்குப் பாசன வாய்க்கால். அவர் மதகைத் தூக்கிவிட்டால் அவர் வயல் தப்பும். அவரைக் குறை சொல்லவில்லை, நாங்களும் அதைத்தான் செய்வோம். எங்களுக்குக் கீழே கடல்தான் இருக்கிறது. கடலுக்குக் கொண்டுபோகிற வழி தூர்ந்து கிடக்கிறது.

நாகை மாவட்டத்தில் ஆண்டு மழை 1,300 மில்லிமீட்டர் அளவில். அதில் மூன்றில் இரண்டு பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் என்பது இங்கே புயல் கணக்கு இல்லை, சாதாரணப் பருவமழை. அந்த 10 சென்டிமீட்டர் ஓர் ஏக்கரில் சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரு நடுத்தர வடிகாலில் 1,000 ஏக்கர் விழுகிறது என்று வையுங்கள்: 40 கோடி லிட்டர், அதாவது ஒரு கோடியே 43 லட்சம் கன அடி. மூன்று நாளில் இது வெளியேற வேண்டுமென்றால் இடைவிடாமல் விநாடிக்கு 55 கன அடி ஓட வேண்டும். 12 அடி அகலமும் 3 அடி ஆழமும் உள்ள வடிகால், செடிகொடி இல்லாமல் விநாடிக்கு ஒன்றரை அடி வேகத்தில் ஓடினால் 54 கன அடி. அந்தக் காலத்தில் வெட்டியவர்கள் தெரிந்துதான் வெட்டியிருக்கிறார்கள்.

இனி அதே வடிகாலைச் சாலை கடக்கிற இடத்துக்கு வாருங்கள். 36 சதுர அடி ஓட்டப் பரப்பு உள்ள வடிகாலுக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி, நடுவில் இரண்டு அடி விட்டமுள்ள ஒற்றை சிமெண்ட் குழாயைப் பதித்து மேலே தார் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழாயின் வாய் 3.14 சதுர அடி. வடிகாலின் பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை. மேற்புறம் தண்ணீர் தேங்கி அழுத்த, குழாய்க்குள் விநாடிக்கு 3 அடி வேகம் கிடைத்தாலும் வெளியேறுவது ஒன்பதரைக் கன அடிக்குள். மூன்று நாள் வேலைக்கு 17 நாளுக்கு மேல் ஆகும். அதுவும் குழாய் வாயில் ஆகாயத்தாமரை வந்து அடைக்காமல் இருந்தால். அடைக்காமல் இருந்த கார்த்திகையை நாங்கள் பார்த்ததில்லை.

17 நாள் என்றால் பயிருக்கு என்ன என்று சொல்கிறோம். கடைமடையில் ஜூன் தண்ணீரில் தொடங்கும் குறுகிய காலக் குறுவை நெல் குறைவு. ஆவணி, புரட்டாசியில் புழுதி உழவு செய்து ஏக்கருக்கு 30 கிலோ விதையை நேரடியாகத் தெளிக்கிற சம்பாதான் பெரும்பான்மை. ஐப்பசி கடைசியில் அது தூர் கட்டுகிற இளம் பயிர். கலங்கல் தண்ணீர் நுனிக்கு மேல் நின்றால் வெளிச்சமும் காற்றும் கிடைக்காது. பயிர் தண்ணீருக்கு மேலே தலைநீட்டப் பார்த்து, சேர்த்துவைத்த சத்தையெல்லாம் செலவழித்து நெடுக வளரும். ஒரு வாரம் தாண்டித் தண்ணீர் வடிந்தால் அது நிற்காது, சாய்ந்து அழுகும். சி.ஆர். 1009 சப் 1, சுவர்ணா சப் 1 ரகங்களில் உள்ள மரபணு அந்த நீட்சியை நிறுத்திவைத்துப் பயிரை உறங்க வைக்கிறது. அதனால் இரண்டு வாரம் வரை தாங்கும். மூழ்கினாலும் தாங்குகிற ரகத்தைப் போடுங்கள் என்று எங்களுக்குச் சொல்கிறீர்கள். போடுகிறோம். ரகம் தாங்குவது 14 நாள். உங்கள் குழாய் கேட்பது 17 நாள். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

தண்ணீர் வடிந்த பிறகு ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் ஒரு கிலோ சிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கச் சொல்கிறது வேளாண் துறை. 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து ஓரிரவு வைத்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து மேலுரமாக இடச் சொல்கிறது. நல்ல யோசனைகள், பலன் பார்த்திருக்கிறோம். எல்லாமே "தண்ணீரை வடித்த பிறகு" என்றுதான் தொடங்குகின்றன.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்தது. 2024இல் மேட்டூர் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. தாமதமாக வளர்ந்த அந்தப் பயிர் நவம்பர் கடைசி மழையில் மூழ்கியது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல். மூன்று முறையும் மழை பெய்தது இயற்கை. பெய்து நின்று, வெயில் அடித்த பிறகும் வயலில் தண்ணீர் கிடந்ததற்கு இயற்கையைக் காரணம் சொல்ல எங்களால் முடியவில்லை.

இழப்பு நெல்லோடு நிற்பதில்லை. தை மாதம், அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால், நிற்கிற சம்பாவுக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளிப்போம், ஏக்கருக்கு 10 கிலோவுக்குக் குறையாமல். உழவில்லை, பாசனமில்லை, உரம் பெரிதாக இல்லை. சம்பா விட்டுப்போன ஈரத்திலும் பனியிலும் விளைகிற பயிர். அதற்கு மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். மிதித்தால் கால் தடம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. ஊறினால் விதை அழுகும். வடியாத வயலில் டயர் அறுவடை இயந்திரம் இறங்காது, பெல்ட் இயந்திரத்தைத்தான் தேட வேண்டும். அதன் வாடகை மணிக்கணக்கில் கூடும், அதன் தடத்தில் முளைத்த உளுந்து நசுங்கும். வீட்டுக்குக் கையில் காசு தருகிற பயிர் இதுதான். நெல் பணம் கடனுக்குப் போய்விடுகிறது. வடிகால் அடைத்தால் ஒரு தண்ணீரில் இரண்டு பயிர் போகிறது.

நிவாரணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025-26 வரைக்குமான பேரிடர் நிவாரண விதிப்படி 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு 7,000கூட வராது. 2025-26 பருவத்தில் நெல் கொள்முதல் விலை குவிண்டால் சாதாரண ரகம் 2,500, சன்ன ரகம் 2,545. 60 கிலோ மூட்டையில் 30 மூட்டை காணும் ஓர் ஏக்கர் வயல், சாதாரண ரக விலையில் 45,000 ரூபாய் நெல். காப்பீடோ வருவாய்க் கிராமத்தை அலகாக வைத்துப் பயிர் அறுவடைச் சோதனை செய்கிறது. அதே கிராமத்தில் மேட்டு வயல் விளைந்திருந்தால் பள்ள வயலின் இழப்பு சராசரியில் கரைந்துவிடும். வடிகாலுக்குச் செலவழிக்காத பணம் மிச்சமாகவில்லை. அரசு நிவாரணமாகவும், நாங்கள் வட்டியாகவும் அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி வேலையின் விவரத்துக்கு வருகிறோம். வடிகாலைப் பட்டியலில் சேர்த்தாலும், வாய்க்காலைத் தூர்வாருகிற முறையிலேயே தூர்வாரினால் பயன் இருக்காது.

வடிகாலைக் கீழிருந்து மேலே வாரிக்கொண்டு வர வேண்டும். கடலில் அல்லது ஆற்றில் விழுகிற இடத்தில் பொக்லைன் முதலில் இறங்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கலைந்த சேறும் செடியும் கீழே போய்ப் படியும். முன்பு ஓடிக்கொண்டிருந்த கொஞ்சமும் நின்றுவிடும். "இரண்டு அடி ஆழம் எடுக்கப்பட்டது" என்று பலகை வைக்கிறீர்கள். எதிலிருந்து இரண்டு அடி? விழுமிடத்தின் தரைமட்டத்தைவிட வடிகாலின் அடிமட்டம் தாழ்ந்துவிட்டால் அது வடிகால் இல்லை, நீளமான குட்டை. எங்கள் நிலத்தின் சரிவு மிகக் குறைவு, அரை அடிப் பிசகும் ஓட்டத்தை நிறுத்திவிடும். மட்டக் கருவி வைத்து, விழுமிடத்திலிருந்து மேல்நோக்கி அளந்து, அடிமட்டத்தை முதலில் குறித்துவிட்டுத்தான் வாளியை இறக்க வேண்டும்.

எடுத்த மண்ணைக் கரை விளிம்பிலேயே குவிப்பது வழக்கமாகிவிட்டது. முதல் மழையில் அது திரும்ப உள்ளே வழிகிறது. ஆறு மாதத்தில் பழைய மட்டம். விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து அடி விட்டு, பரப்பி, இயந்திரத்தை மேலே ஓட்டி இறுக்க வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டி அங்கேயே போடக் கூடாது. ஒரு சாண் தண்டு ஈரத்தில் கிடந்தாலும் வேர் விட்டு முளைக்கும். வேரோடு பிடுங்கி மேட்டில் காயவிட வேண்டும். ஆகாயத்தாமரை தள்ளிவிடுகிற சரக்கு இல்லை, தூக்குகிற சரக்கு. கம்பியால் தள்ளிவிட்டால் அடுத்த ஊர் மதகில் மலைபோல் சேரும். அதை அகற்றப் புரட்டாசியே சரியான காலம். சித்திரையில் எடுத்து முடித்தோம் என்றால் ஐப்பசிக்குள் மறுபடி மூடிக்கொள்ளும்.

கடைசி இயக்கணைகளுக்கு வருவோம், அதாவது கடலுக்கு முன்னால் பலகைகளை ஏற்றி இறக்கித் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் மதகுகள், எங்கள் ஊர்ப் பேச்சில் சட்ரஸ். அதற்கு இரண்டு வேலை. மழைத் தண்ணீரை வெளியே விட வேண்டும், கடல் தண்ணீரை உள்ளே விடக் கூடாது. நாளைக்கு இரண்டு முறை ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறுகிறது. ஏறுமுன் பலகையை இறக்க வேண்டும், வற்றும்போது தூக்க வேண்டும். அதாவது கனமழை நாளிலும் பாதி நேரம்தான் தண்ணீர் வெளியேற வழி. மேலே சொன்ன 55 கன அடி அங்கே 110 கன அடியாக வேண்டும். இரவு ஓதத்துக்கும் ஆள் வேண்டும். மதகுகளை இயக்கும் ஊழியரான லஸ்கர் ஒருவர் பல மதகுகளைப் பார்க்கிற நிலையில் இது நடக்காது. உப்புக் காற்றில் திருகுத் தண்டு துருப்பிடிக்கிறது. கிரீஸ் வைத்துத் துணி சுற்றினால் ஆண்டுகள் தாங்கும், விட்டுவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து சுற்றினாலும் அசையாது. பாதித் திறப்பில் சிக்கிக்கொண்ட பலகை இரண்டு வேலையிலும் தோற்கிறது. மழையில் தண்ணீர் வடியாது, பங்குனியில் உப்பு ஏறும். மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 3 டெசிசைமனைத் தாண்டினாலே நெல் மகசூல் இறங்கத் தொடங்கும்; கடல் தண்ணீரோ 50 அளவில் இருப்பது. ஒரு முறை ஏறிய உப்பைக் கழுவி இறக்க நல்ல தண்ணீரைக் கட்டி, வடித்து, மறுபடி கட்ட வேண்டும். அதற்கும் வடிகால்தான் வேண்டும்.

ஆறும் வடிகாலும் கடலில் விழுகிற முகத்துவாரம் தனிக் கதை. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து மூடிவிடுகிறது. மழைக்கு வெகுநாள் முன்னால் வெட்டினால் சில நாளில் திரும்ப மூடும், அந்தச் செலவு வீண். உள்ளே தண்ணீர் கடல் மட்டத்தைவிட உயர்ந்து நிற்கும்போது, வற்று ஓதம் பார்த்து, குறுகலாக ஒரு வாய் வெட்டிவிட்டால் போதும். ஓடுகிற தண்ணீரே மணலை அரித்து அகலமாக்கிக்கொள்ளும். இதற்கு வேண்டியது அந்த நாளில் அந்த இடத்தில் தயாராக நிற்கும் ஓர் இயந்திரமும், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்காமல் வெட்டச் சொல்லும் அதிகாரமுள்ள ஒருவரும்.

பெரிய ஆறுகளில் வேலையே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவித் திட்டத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் எல்லாம் சேர்க்கப்பட்டன. வேதாரண்யம் கால்வாய் 1860களில் படகுப் போக்குவரத்துக்காக, முக்கியமாக உப்பு ஏற்றிப் போக வெட்டியது. ஆறுகளுக்குக் குறுக்கே, கரைக்கு இணையாக ஓடுகிறது. இன்றைக்கு அதன் பெரிய வேலை எங்கள் தண்ணீரைச் சுமப்பது. அதைச் சீராக்கியது சரி. ஆனால் வயலிலிருந்து அந்த ஆறுவரை தண்ணீரைக் கொண்டுபோகிற சிறு வடிகால்கள் அப்படியே கிடக்கின்றன. வாசலை அகலமாக்கிவிட்டுத் தாழ்வாரத்தை அடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. வடிகால் ஒரு துறையின் கையில், மேலே போகும் சாலை இன்னொரு துறையின் கையில், அதில் பதித்த குழாய் யாருடையது என்று கேட்டால் இருவரும் மற்றவரைக் காட்டுகிறார்கள். 2020இல் இந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டீர்கள். வரவேற்றோம். மண்டலத்துக்குள் வயல் இருந்தும் அதில் தண்ணீர் வடியாவிட்டால் அந்தப் பாதுகாப்பு காகிதத்தில்தான் இருக்கும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

இந்தக் கோடைப் பட்டியலைத் திருத்தி, ஒவ்வொரு பாசன வாய்க்காலோடும் அதன் வடிகாலையும் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் பணம் போதாதென்றால் எங்கள் நான்கு ஒன்றியங்களில் வடிகாலை முதலில் எடுங்கள். வாய்க்காலில் கோரை வெட்டும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் வடிகால் என்று குறித்த புறம்போக்கை அளந்து, அகலத்தோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆக்கிரமிப்பு யாருடையதானாலும் எடுக்க வேண்டும். அதில் எங்களில் சிலருடைய வரப்பும் இருக்கும் என்று தெரிந்தேதான் கேட்கிறோம்.

வடிகாலைக் கடக்கும் ஒவ்வொரு குழாய்ப் பாலத்தையும் கணக்கெடுத்து, வடிகாலின் ஓட்டப் பரப்பையும் குழாயின் வாய்ப் பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வெளியிட வேண்டும். பாதிக்கும் கீழே இருப்பதை ஆடிக்குள் பெட்டிப் பாலமாக மாற்ற வேண்டும். அதுவரை புதிதாக ஒற்றைக் குழாய் பதிக்கக் கூடாது.

தூர்வாரும் முன்னும் பின்னும் எடுத்த மட்ட அளவுகளை ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும் முன் உழவர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். நீளமும் படமும் மட்டும் போதாது.

கடைசி இயக்கணைகளின் திருகுகள், பலகைகள், ரப்பர் விளிம்புகள் எல்லாவற்றையும் ஆவணிக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் ஜனவரி வரை ஒவ்வொன்றுக்கும் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் வேண்டும். ஆள் எடுக்க முடியாதென்றால், வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் ஊர் நீர்கட்டிகளுக்கு அந்த நான்கு மாதம் கூலி கொடுத்து ஓத நேர அட்டவணையைக் கையில் கொடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

புரட்டாசியில் ஆகாயத்தாமரை எடுக்கத் தனி ஒதுக்கீடும், முகத்துவாரங்களுக்கு இயந்திரமும், வெட்ட உத்தரவிடும் அதிகாரம் உதவிப் பொறியாளர் அளவிலேயே இருக்க வேண்டுமென்ற எழுத்துபூர்வ ஆணையும் வேண்டும்.

மேட்டூர் திறக்க ஜூன் 12 என்று ஒரு நாள் குறித்திருக்கிறீர்கள். வடிகால் வேலை முடிவதற்கும் ஒரு நாள் குறியுங்கள். செப்டம்பர் 15 எங்களுக்குச் சம்மதம். இந்த மடலுக்குப் பதிலை, திருத்திய பட்டியலோடு, மே மாதக் குறைதீர் கூட்டத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கடைமடை உழவர்கள்